எல்லாருக்கும் நிரந்தர வேலை

தூத்துக்குடிக்குத் தெற்கே பெரியமணல் அனல் மின்நிலையத்தின் கேட்டைப் பூட்டியபோது, ஊரே பிழைப்பு போயிற்று என்று கலங்கியது. பதினாறு வருஷம் அங்கே கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்த ஜெனோவாவும் கலங்கினாள். கடைசி நாள் வரை அவள் ஒப்பந்தக் கூலிதான்.

ஆனால் பூட்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமே. எந்தக் குழாயை முதலில் அறுத்தால் எது சரியும் என்பது அவளுக்கும் உடன் வேலை பார்த்த முப்பது பேருக்கும்தான் தெரியும். அவர்களே சேர்ந்து, அவளைத் தலைவியாக்கி ஒரு கம்பெனி தொடங்கி, ஒருவருக்கும் காயமில்லாமல் பிரித்து முடித்தார்கள். அதன்பிறகு நாடெங்கும் நிலக்கரி நிலையங்களை மூட மூட, இவர்களுக்குத்தான் அழைப்பு வந்தது. ஆறு வருஷத்தில் பதினோரு நிலையங்களைப் பிரித்துவிட்டார்கள். இன்று காலை ஜப்பானிலிருந்தே ஒப்பந்தம் வந்தது, ஓர் அணுமின் நிலையத்தின் டர்பைன் கூடத்தைப் பிரிப்பதற்கு.

கையெழுத்துப் போட்ட கையோடு ஜெனோவா மஸ்கட்டுக்குப் போன் செய்தாள். அவள் கணவர் அமலதாஸ் ஒன்பது வருஷமாக அங்கே கிரேன் ஓட்டுகிறார்.

"ஏங்க, ஊருக்கு வந்துருங்க. நம்ம கம்பெனிக்குக் கிரேன் ஓட்ட ஆளு வேணும்."

"எத்தன மாசத்துக்கு?"

"மாசக் கணக்கெல்லாம் இல்ல. நிரந்தர வேலை."

அந்த ஒரு சொல்லுக்காக அவள் பழைய நிலையத்தில் எத்தனை அதிகாரிகளின் மேசை முன்னால் நின்றாள் என்பது அமலதாஸுக்குத் தெரியும்.

"உனக்கும் நிரந்தரந்தானா?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்கு யாரு குடுப்பா? இப்ப எல்லாருக்கும் நாந்தான குடுக்கேன்," என்று சிரித்தாள் ஜெனோவா.