கிராணி தள்ளிய பஸ்

“கரி நனைஞ்சு கெடக்குதுங்கய்யா. நான் என்ன பண்ணட்டும்?” அப்பாசாமி இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டான். காஜா பேராங் சோதனைச் சாவடியில் அவனுடைய பஸ் இருமி இருமி நின்றுவிட்டிருந்தது.

பஸ்ஸுக்குள் ஜப்பானிலிருந்து மலாக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த பத்து அதிகாரிகள். இங்கிருந்த தண்டவாளத்தைத்தான் ஜப்பான்காரர்களே பெயர்த்துச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டு போய்விட்டார்களே! தாம்பினில் ரயிலைப் பிடிக்க பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் இந்த பஸ்ஸை விட்டால் அவர்களுக்கும் கதியில்லை.

யார் வண்டியானாலும் சாவடியில் சோதனை உண்டு. ஈட்டி செருகிய துப்பாக்கியோடு சிப்பாய் முன்பக்கத்தைப் பார்த்து முடித்தபோதுதான் எஞ்சின் அணைந்தது.

வழியனுப்ப வந்திருந்த கலியாணசுந்தரம் கிராணி, தோட்டத்துக் கணக்கெழுதுபவர், பதறிக்கொண்டு ஓடிவந்தார். சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர். பட்டியலில் தன் மச்சான் பெயரை அடித்துவிட்டு, அப்பாசாமியின் தம்பி சுப்பையன் பெயரை எழுதி வைத்தவர். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

“ஒந்தம்பி மூணு நாளா எங்கடா ஒளிஞ்சிருக்கான்? சாயந்தரம் லாரி வருது. என் கையாலயே அவன வண்டியேத்தி அனுப்புறேன் பாரு” என்றார் கிராணி.

“எனக்கென்னய்யா தெரியும்?”

பஸ்ஸின் பின்புறம் கரி அடுப்பை ஒட்டி ஐந்து கோணி மூட்டைகள் கட்டியிருந்தன. அப்பாசாமி நாலு மூட்டைகளைக் கிளறிக் கரி அள்ளிப் போட்டான். புகைதான் வந்தது.

“பக்கேரோ!” உள்ளேயிருந்து மூத்த அதிகாரி ஜப்பானிய மொழியில் திட்டிக் கத்தினார். ரயில் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“தள்ளிவிட்டா கெளம்பிடும்யா. ஆளுதான் வேணும்.”

அதிகாரியின் விரல் கிராணியைக் காட்டியது. பிறகு சாவடிப் போலீஸ்காரர்களை, சிப்பாயை. சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். கிராணி கோடியிலிருந்த மூட்டையில் இரண்டு கைகளையும் ஊன்றி முக்கினார்.

அப்பாசாமி பிரேக்கை உடனே விடவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டை கரியாவதைக் கண்ணாடியில் ஆசை தீரப் பார்த்தான். பிறகு விட்டான். பஸ் உருண்டது, எஞ்சின் பிடித்துக்கொண்டது, கிராணி குப்புற விழுந்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தாம்பினில் அதிகாரிகளை இறக்கிவிட்டு வரும் வழியில், ரப்பர் காட்டோரம் வண்டியை நிறுத்தினான். பின்பக்கம் போய் ஐந்தாவது மூட்டையின் வாயை அவிழ்த்தான்.

“யாருண்ணே அது, என் முதுகுல கை வெச்சு அந்தத் தள்ளு தள்ளுனது?” என்று கேட்டபடி சுப்பையன் தலையை நீட்டினான்.

“கிராணிதான்டா. தன் கையாலயே ஒன்ன வண்டியேத்தி அனுப்புறேன்னாரு, அனுப்பிட்டாரு!”