இரட்டைப்படையில் ஒரு கொத்து

"ஆறு ரோஜா, கறுப்பு ரிப்பன் போட்டுக் கட்டுங்க அக்கா. ஹோரியா வீட்டுக்குப் போகணும்."

காலையிலிருந்து பூக்கடை வெத்தூரியாவுக்கு இதே வேலைதான். ருமேனியாவில் உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டைப்படை, பிணத்துக்கு.

எம்.பி. ஹோரியா சாகவில்லை. கதிர்க் கட்சியிலிருந்து ஆளும் சாவிக் கட்சிக்குத் தாவியிருந்தார். ஊருக்குச் சாவதும் தாவுவதும் ஒன்றுதான்.

"மந்திரி பதவி தர்றாங்களாமே?"

"பின்ன, சும்மாவா தாவுவான்? மானங்கெட்டவன்."

வெத்தூரியாவும் தன் பங்குக்குத் திட்டினாள். திட்டிக்கொண்டே ரிப்பனையும் இறுக்கிக் கட்டினாள்.

ஆனால் அவள் கவலை வேறு. அவள் கடை இருப்பது பிரசவ ஆஸ்பத்திரி வாசலில். அந்த ஆஸ்பத்திரியை மூடப்போவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. பிழைப்பு போனால் போகட்டும்; மருமகள் நிறைமாதம். வலி எடுத்தால் பனியில் மலைப்பாதை தாண்டி அடுத்த ஊருக்குத்தான் ஓட வேண்டும்.

சதுக்கத்தில் மைக் அலறிக்கொண்டிருந்தது. பேசியவர் ஊரின் இன்னொரு எம்.பி., டிராகோமிர். கதிர்க் கட்சியிலேயே தலை நரைத்தவர்.

"அந்தத் துரோகி மாதிரி நான் சோரம் போகமாட்டேன். என் உயிர் போனாலும் கதிரை விடமாட்டேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் ரேடியோவில் செய்தி வந்தது. பிரசவ ஆஸ்பத்திரி மூடப்படாது.

"பாத்தியா? டிராகோமிர் ஐயா போட்ட சத்தத்துல அரசாங்கமே ஆடிப்போச்சு."

வெத்தூரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்ததிலேயே நல்ல ரோஜாவாக ஏழு பொறுக்கி, ஓடிப்போய் மேடையில் டிராகோமிர் கையில் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் கடை கட்டும்போது டிராகோமிர் வந்தார். கையில் அதே கொத்து. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, இதை ஹோரியா வீட்டுல குடுத்துடுங்க. என் பேரைச் சொல்ல வேணாம்."

"அவருக்கா? ஏழு இருக்கு ஐயா, ஒண்ணு எடுத்துடட்டுமா?"

"வேணாம் வேணாம், ஏழே இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "ஆட்சி நிக்க ஒரு ஓட்டு குறைஞ்சது. நம்ம ஊர் எம்.பி. ஒருத்தர் வந்தா ஆஸ்பத்திரியை விட்டுடறோம்னாங்க. முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் ஹோரியாகிட்ட கெஞ்சி அனுப்பி வெச்சேன்."

"மந்திரி பதவின்னு பேசிக்கிட்டாங்களே?"

"குடுத்தாங்க. அவன்தான் வேணாம்னுட்டான், பைத்தியக்காரன்."

வெத்தூரியாவுக்குக் கறுப்பு ரிப்பன் கட்டிய விரல்கள் கூசின.

"நீங்களே போயிருக்கலாமே ஐயா?"

"நானா?" டிராகோமிர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கேம்மா. ஊர் என்ன பேசும்?"

வெத்தூரியா ஏழு ரோஜாவையும் பத்திரமாக எடுத்து வைத்தாள். பிறகு வாளியில் மிச்சமிருந்த இரண்டே இரண்டு ரோஜாவைச் சேர்த்து, கறுப்பு ரிப்பன் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"உங்க கொள்கைக்கு ஐயா."