டீக்கு வந்த ஆளு

"இந்த ஆளு டீக்குத்தான் வர்றான் டாக்டரம்மா!"

ராஜமாணிக்கம் நேரா விரலையே நீட்டிட்டாரு. எதிர்ல குப்பன், டம்ளரைக் கையில வெச்சிக்கினு, குடிக்கவும் முடியாம கீழ வெக்கவும் முடியாம முழிச்சான்.

பொன்னேரியில ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ஷெட்டு. வியாழக்கெழம ஆனா மெட்ராஸ்லேர்ந்து டாக்டர் சாராளம்மா வருவாங்க. எட்டு நாற்காலி, வட்டமா. ஊசி கெடையாது. மனசு நொந்தவங்கள்ல ஒருத்தர் பேசணும், மத்தவங்க கேக்கணும். புத்தி சொல்லக் கூடாது. இங்க கேட்டத வெளிய பேசக் கூடாது. அவ்ளோதான் வைத்தியம்.

"பேசினா உள்ள தூக்கிப் போடற எமர்ஜென்சி காலம் இது. பேசினா சரியாப் பூடும்ன்றாங்க, நம்பலாமா?"ன்னு மொத நாள் கேட்டவரே ராஜமாணிக்கம்தான்.

அவருக்கு நெலம் நீச்சு எல்லாம் உண்டு, தூக்கம்தான் இல்ல. கூடப் பொறந்த அண்ணனே வரப்பைத் தள்ளிப் போட்டுட்டான், அந்த வேதனை. வரப்புக் கதைய அவரு ஆரம்பிச்சா, கேக்கறவங்களுக்குத் தூக்கம் வந்துடும். அஞ்சு மணி பஸ்ஸுக்குள்ள மூணு பேருதான் பேச முடியும். அதுல எப்பவும் ஒருத்தரு அவரு. சும்மா சொல்லக் கூடாது, பேசிப் பேசியே மனுசன் தேறிட்டாரு. இப்ப அவரு குறட்டை விடறாராம், சம்சாரம்தான் முழிச்சிக்கினு கீதாம்.

குப்பன் கதை வேற. பழவேற்காட்டு ஏரியில படகு கவுந்து, கூட வந்த தம்பி கலியன் போய்ச் சேந்துட்டான். அதுலேர்ந்து குப்பன் படகுல கால் வெக்கல. அன்னிக்குத் தண்ணியில இன்னா நடந்துதுன்னு பொண்டாட்டியாண்ட கூட வாயத் தொறக்கல. அத வெளிய கொட்டினாத்தான் ஆளு மீளுவான்னு டாக்டரம்மா சொல்லித்தான் இங்க சேத்தாங்க.

ஆனா அவன் முறை வரும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"எனக்கு இருக்கட்டும்மா. ஐயா இன்னிக்கு பேஜாரா கீறாரு. அவரு பேசட்டும்."

இல்லன்னா, "ஜானகியம்மாவுக்குக் கண்ணு கலங்கிக் கீது. அவங்க சொல்லட்டும்."

அப்புறம் டீயக் குடிச்சிட்டு பஸ் ஏறிடுவான்.

இன்னிக்கு ராஜமாணிக்கத்துக்குப் பொறுக்கல.

"நாங்க மானத்த வுட்டு ஊட்டு விசயமெல்லாம் கக்கறோம். இவன் சினிமா பாக்கற மாதிரி பாத்துக்கினு கீறான். டிக்கெட்டு கூட எடுக்கல!"

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க.

"பேசாம கேக்கறதும் இங்க வைத்தியம்தாங்க"ன்னாங்க டாக்டரம்மா.

"அப்ப எங்க எருமையக் கூட்டியாந்து உக்கார வெக்கட்டுமா? அதுவும் நல்லாக் கேக்கும்! வெளிய எடம் இல்லாம எவ்ளோ பேரு நிக்கிறாங்க. எனக்கே இன்னிக்குப் பேச நெறைய கீது. யோவ், எழுந்திரு. எடத்தக் காலி பண்ணு."

குப்பன் அவரையே பாத்தான். அப்புறம் ஜானகியம்மாவைப் பாத்தான். அந்தம்மா முந்தானைய சரி பண்ணிக்கினு தரையப் பாத்தாங்க.

"சரிங்க"ன்னான். எழுந்து போயிட்டான்.

டாக்டரம்மா பின்னாலயே ஓடினாங்க. அதுக்குள்ள பஸ் கெளம்பிடுச்சி.

அடுத்த வியாழக்கெழம. ஷெட்டு வாசல்ல ஒரு பொம்பள தயங்கித் தயங்கி நின்னா.

"நான் கோவிந்தம்மா. குப்பன் சம்சாரம்."

"வாங்கம்மா. அவரு எங்க?"

"செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு கீறாரும்மா. ஒரு வார்த்த பேசல, ஒரு வாய் துன்னல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். தம்பி போன கதைய இங்க சொல்லிட்டாரா? இன்னா சொன்னாருன்னு என்னாண்ட சொல்ல வேணாம். கொட்டிட்டாரா இல்லியா, அது மட்டும் போதும்."

டாக்டரம்மா ராஜமாணிக்கத்தத் திரும்பிப் பாத்தாங்க.

"எங்க பேசினாரும்மா?" ராஜமாணிக்கம்தான் சொன்னாரு. "எப்பப் பாரு, அடுத்தவங்களப் பேசச் சொல்லிட்டு அவரு கம்முனு இருப்பாரு."

"ஆமாங்க. பாடு குடுத்துட்டா அப்படித்தானே இருக்கணும்?"

"இன்னாது?"

"எங்க குப்பத்துல, ஏரியில வலை போட ஆளுக்கு ஒரு நாளுங்க. அதைத்தான் பாடுன்னு சொல்லுவோம். பக்கத்து ஊட்ல அடுப்பு எரியலன்னா, நம்ம நாளை அவங்களுக்குக் குடுத்துருவோம். இங்கயும் அதே மாதிரிதான்னு சொன்னாரு. ஒரு ஐயாவுக்குத்தான் ரொம்பக் குடுத்தாராம். யாருய்யா அதுன்னு கேட்டா, இங்க நடக்கறத வெளிய சொல்லக் கூடாதுன்னு வாய மூடிக்குவாரு."

இப்ப யாரும் சிரிக்கல.

"எல்லாத்தையும் குடுத்துட்டா அவரு எப்பதாம்மா பேசறது?" ஜானகியம்மா கேட்டாங்க.

"அது எப்படிங்க? வாங்கினவங்க தலை நிமிந்ததும் அவங்களே திருப்பிக் குடுத்துருவாங்க. நாமளா வாய வுட்டுக் கேக்கறது வழக்கமில்ல."

ராஜமாணிக்கம் தலை நிமிரவே இல்ல. கோவிந்தம்மா அவரைப் பாத்துதான் மீதியச் சொன்னா, இன்னாருன்னு தெரியாமலே.

"போன வாரம் குளிச்சி, வெள்ள வேட்டி கட்டிக்கினு, சிரிச்சிக்கினே கெளம்பினாருங்க. 'அந்த ஐயா நல்லாத் தேறிட்டாரு கோவிந்து. இன்னிக்கு எனக்குத் திருப்பிக் குடுத்துருவாரு'ன்னு."