கையில் கனக்காத பெட்டி

கடை வாசலில் உப்பு லாரி கிளப்பிய புழுதி வெயிலில் மினுங்குகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சுடலைக்கண்ணு, கேம் கம்ப்யூட்டருக்கான பவர் சப்ளைப் பெட்டியை உள்ளங்கையில் ஏற்றி இறக்கிப் பார்க்கிறான். "கனமே இல்லியே அண்ணாச்சி. இவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு இழுக்குத கரண்டை இது தாங்குமா?" "ஏலே, பெரிய கார்டு எடுத்தா மிச்சக் காசுக்கு இதுதான் வரும். மூட்டை தூக்குத கைக்கு எல்லாம் பஞ்சாத்தான் தெரியும். தாங்கும்லே," என்று கடைக்காரர் மகாராஜன் சிரிக்கிறார். போன மாசம் கிரேன்காரனும் கயிற்றைப் பார்த்துத் தாங்கும் என்றுதான் சொன்னான். அது அறுந்து, கீழே நின்ற, கூட மூட்டை தூக்கும் சொரிமுத்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடக்கிறான். கம்ப்யூட்டர் அவனுக்குத்தான். அவன் ஆசைப்பட்டுக் கேட்ட கார்டை சுடலைக்கண்ணு மெல்லக் கடைக்காரர் பக்கம் தள்ளுகிறான். "சின்ன கார்டு போதும். சப்ளையைக் கனமாக் குடுங்க."