அதே போல் இன்னொரு படம்

நாற்பத்தொரு மணி நேரம், இருபது நிமிடங்கள். தனக்குப் பிடித்த ஒரே படத்தைப் போலவே இருக்கும் என்று வீட்டுச் சுவர்த்திரை தேடித் தந்த படங்களைச் சுடர்விழி அவ்வளவு நேரம் தனியாகப் பார்த்திருந்தாள். அந்தப் படம் தந்த சந்தோஷம் இன்னொரு முறை வராதா என்று ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்தாள்.

“இதுவும் பிடிக்கலையா மேடம்?” என்றது திரை.

“இல்லை.”

“அதே மழை, அதே மலையூர், ஹீரோவுக்கு அதே மீசை. மீசையைக்கூட நான் விடல. ஆனா அந்தப் படம் பார்த்த அன்னிக்கு உங்க கைக்கடிகாரத்துல ஏறின இதயத் துடிப்பு ஒரு தடவைகூட ஏறல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“இனி ஒரு படம்தான் மிச்சம். அன்னிக்கு எந்த சீன் பிடிச்சதுன்னாவது சொல்லுங்க.”

அவளுக்கு எந்தக் காட்சியும் நினைவில்லை. போர்வை நுனியை விரலில் சுற்றினாள்.

“எனக்குப் பிடிச்சது படம் இல்ல,” என்றாள். “அன்னிக்கு நம்ம அபார்ட்மென்ட் வீடுகள்ல கரண்ட் இல்லாம, எல்லாரும் கீழ ஹால்ல ஜெனரேட்டர் போட்டுப் பார்த்தோம். பக்கத்துல இருந்த அக்கா என் கையில வேர்க்கடலையைக் கொட்டிட்டு, ‘இவன் நல்லவனா, கெட்டவனா?’ன்னு என்கிட்ட கேட்டாங்க.”