நீங்க முன்னாடி போங்க

"நீங்க முன்னாடி போங்க டீச்சர்."

"பரவாயில்லீங்க சார். நீங்க போங்க, நான் பின்னாடியே வாரேன்."

"அதெப்படிங்க? லேடீஸ் ஃபர்ஸ்ட்."

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தொண்ணூற்றெட்டு ஜூனில், வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் ஹேமலதாவும் சசிதரனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். செம்மேட்டிலிருந்து வந்த முதல் பஸ் இருவரையும் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு அங்கிருந்து காபிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே அரை மணி நேர நடை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற ஒற்றையடிப் பாதை. அன்று அவள் முன்னால் நடந்தாள். இன்றுவரை அவள்தான் முன்னால் நடக்கிறாள்.

சசிதரன் ஆங்கில ஆசிரியர். ஜென்டில்மேன் என்பவன் யார் என்று ஏழாம் வகுப்புக்கு ஒரு பீரியட் முழுக்க விளக்கியவர். சொன்னபடி நடக்கவும் செய்தார். காலையில் வகுப்பறைப் பூட்டைத் திறந்து, கதவை லேசாகத் தள்ளிவிட்டு, ஒதுங்கி நின்று அவளை முதலில் உள்ளே போகச் சொல்வார். மேப்பும் சாக்பீஸும் இருக்கும் அலமாரியின் சாவியை இரண்டு கையாலும் நீட்டி, அவளையே திறக்கச் சொல்வார். ஆசிரியர்களுக்கென்று இருந்த ஒரே ஓட்டு அறையையும் அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, பலா மரத்தடியில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்துவார்.

சத்துணவு சமைக்கும் பொன்னாயிக்கு மட்டும் இந்த மரியாதை பிடிபடவே இல்லை. இந்த மலையிலேயே, குண்டனி நாடு என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

"ஏனுங்க டீச்சர், பொம்பளைய முன்னாடி உட்டுட்டு ஆம்பள பின்னாடி வருவானுங்களா? எங்க பக்கம் கையில ஒரு குச்சியோட ஆம்பளதான் மொதல்ல போவான். புல்லுப் பனியெல்லாம் தட்டிக்கிட்டே போவான். பின்னாடி வர்றவளுக்குக் கால்கூட நனையாது. உங்க சாரு நல்லா நோவாம வாராருங்க."

முழங்கால் வரை நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே, அதெல்லாம் படித்தவர்கள் மரியாதை, உனக்குப் புரியாது என்று ஹேமலதா அவரை விட்டுக்கொடுக்காமல் பேசுவாள். அந்தப் பாதையில் முதலில் போகிறவருக்குக் கிடைப்பது பனியும், சேலையில் ஒட்டும் நாயுருவியும், முகத்தில் அப்பும் நூலாம்படையும்தான் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவரும் எதையோ சொல்லாமல்தான் இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவையாவது பின்னாலிருந்து, "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க" என்று குரல் வரும். நின்று திரும்பினால், அப்புறம் கேட்கிறேன் என்று காபிச் செடியைப் பார்ப்பார். ஜென்டில்மேன் அவசரப்படமாட்டான் போலிருக்கிறது என்று அவளும் காத்திருந்தாள்.

இனிக் காத்திருக்க நாள் இல்லை. ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை, அவளுக்கு இங்கே கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டையும் அவள் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். "அப்படீங்களா" என்றதோடு சரி, இறங்கும்வரை அவர் தன் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது பாதை தொடங்குமிடத்தில் வழக்கம்போல ஒதுங்கி நின்று கையைக் காட்டினார். ஹேமலதா நகரவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளாவது நீங்க முன்னாடி போங்க சார்."

"நானா? இல்லீங்க, லேடீஸ்..."

"கடைசி நாளும் நானே நனையணுங்களா?"

அவருக்குப் புரியவில்லை. பொன்னாயி சொன்ன வழக்கத்தையெல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். அவர் முதல் தடவையாக அவள் சேலையின் கரையைக் குனிந்து பார்த்தார். பனிக்கறை ஏறி அது வெளுத்துப் போயிருந்தது.

"ரெண்டு வருஷமாவா? ஏனுங்க ஒரு நாள்கூடச் சொல்லல?"

"ஜென்டில்மேனைப் போய் எப்படிங்க குறை சொல்றது?"

அவர் வேலியோரம் கிடந்த ஒரு குச்சியை எடுத்துக்கொண்டார். போருக்குப் போகிறவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு முன்னால் நடந்தார். பத்து அடி நன்றாகத்தான் போனார். புல்லைத் தட்டிய வேகத்தைப் பார்த்து, பொன்னாயி இதைப் பார்க்க இல்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள். பதினோராவது அடியில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாம்புங்களா சார்?"

இல்லை என்று தலை மட்டும் ஆடியது. கண்களை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தார். அவளையும் தாண்டி வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஹேமலதா எட்டிப் பார்த்தாள். இரண்டு காபிச் செடிகளுக்கு நடுவே வெயிலில் ஒரு வலை மின்னியது. வலைக்கு நடுவே, எட்டணா அளவில், ஒரு சிலந்தி.

அவள் குச்சியை வாங்கி வலையை ஒதுக்கினாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் ஜென்டில்மேனெல்லாம் இல்லீங்க டீச்சர். கதவு, அலமாரி, அந்த ஓட்டு ரூமு, இந்தப் பாதை, எல்லாமே இதுக்குப் பயந்துதானுங்க. ஞாயித்துக்கிழமை அவங்கள வர வேண்டாம்னு சொல்லிட்டு, ஆயுசுக்கும் நீங்களே எனக்கு முன்னாடி போறீங்களா?"