மார்விச்சின் கடைசிக் கோணல் வீடு

“சைலஸ், அந்த ஜாக்கியை மட்டும் என் வீட்டுக்கு அடியில வச்சே, கொதிக்கிற தண்ணிய எடுத்து உன் தலையில ஊத்திடுவேன், ஆமா!”

வாசலில் நின்று எலன் யார்வுட் போட்ட சத்தத்தில், எதிர்க் கசாப்புக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

சைலஸ் டட்டனுக்கு இதெல்லாம் பழகிப் போனது. மார்விச் உப்பு ஊர். தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கு அடியிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்து, காய்ச்சி, அதில்தான் ஊரே பிழைத்தது. இறைக்க இறைக்கக் கீழே பொந்து விழுந்தது. மேலே ஊர் அமிழ்ந்தது. போன வருஷம் மளிகைக்காரரின் குதிரை லாயத்தோடு உள்ளே இறங்கிவிட்டது. குதிரையைத் தூக்கிவிட்டார்கள். லாயம்தான் போன இடம் தெரியவில்லை.

இப்படிச் சாய்ந்த வீடுகளை ஜாக்கி கொடுத்துத் தூக்கி நேராக்குவது சைலஸின் தொழில். பேங்க், மதுக்கடை, பாதிரியார் வீடு எல்லாம் நிமிர்ந்தாயிற்று. மிச்சம் இந்த ஒரு வீடு. நகராட்சியே செலவைப் பார்த்துக்கொள்கிறது என்றாலும் மூன்று வருஷமாக எலன் அவனைக் கிட்டே நெருங்க விடவில்லை.

“முதல்ல உள்ள வந்து பேசறேன் அக்கா,” என்று அவள் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போனான் சைலஸ்.

எலனின் கணவர் ஆமோஸ், உப்புக் காய்ச்சியே கை காய்த்துப்போனவர், சுவரோரம் உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“சைலஸ், அந்த அம்மாகிட்ட சொல்லு. பட்டாணி தட்டுல நிக்க மாட்டேங்குது. அதைத் துரத்திக்கிட்டு ஓடற வயசா எனக்கு?”

“அந்த மனுஷன்கிட்ட சொல்லு. தட்டைப் பிடிச்சுச் சாப்பிடத் தெரியாதவருக்கு வீடு என்ன பண்ணும்?”

“நான் என்ன தந்திக்கம்பமா? நேரா பேசிக்குங்களேன்!” என்றான் சைலஸ்.

“ஊரு மொத்தமும் நிமிர்ந்துட்டா இது உப்பு ஊருன்னு எவனுக்குத் தெரியும்? வெளியூர்க்காரங்க வந்து என் வீட்டைத்தான் போட்டோ பிடிச்சுட்டுப் போறாங்க. இது சரித்திரம்டா!” என்றாள் எலன்.

“சரித்திரம் தலையில விழுந்துடும் அக்கா. குளிர்காலத்துக்குள்ள நேராக்கலேன்னா வீட்டை இடிக்கச் சொல்லிட்டாங்க நகராட்சியில. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

எலனின் முகம் வெளுத்துவிட்டது. சைலஸின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாது,” குரலைத் தாழ்த்தினாள். “எங்களுக்குள்ள சண்டை ஜாஸ்தி. ரெண்டு பேருமே வணங்காத கழுத்து. ‘தப்பு என்னுதுதான்’னு ஒரு வார்த்தை இந்த வீட்டுல கேட்டதே இல்ல. சண்டை போட்டா அவரு மேட்டுப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துப்பாரு. நான் பள்ளத்துப் பக்கம் ஜன்னலைப் பார்த்துப் படுத்துப்பேன். வீடு சாஞ்சிருக்கா, கட்டிலும் சாஞ்சிருக்கு. தூக்கத்துல மெல்ல மெல்ல உருண்டு, விடியறப்போ என் முதுகோட ஒட்டிக்கிட்டுக் கிடப்பாரு. அப்புறம் எங்கேர்ந்து கோபம் வரும்? எழுந்து டீ போட்டுடுவேன்.”

ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“வீடு நேரா ஆயிட்டா அவரு அங்கேயே கிடப்பாரு, நான் இங்கேயே கிடப்பேன். அப்படியே கிடந்து செத்துப்போவோம்டா சைலஸ்.”

சிரிக்க வாய் திறந்த சைலஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இவ்வளவுதானா அக்கா? வீட்டை நேராக்கிட்டு, அண்ணன் பக்கத்துக் கட்டில் கால் ரெண்டுக்கும் அடியில கட்டை வச்சுடறேன். இப்ப இருக்கிற அதே சாய்வு. ஒரு நூல் குறையாது.”

“நிஜமாவா?” எலனின் கண்கள் மின்னின. “அப்படீன்னா தூக்கு! அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியக் கூடாது.”

கட்டைக்கு அளவெடுக்க சைலஸ் மாடிக்குப் போனான். தரை இருந்த இருப்பில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. மண்டியிட்டு, கட்டிலில் தொங்கிய விரிப்பைத் தூக்கினான்.

சுவர்ப் பக்கத்துக் கால்கள் இரண்டும் ஜன்னல் பக்கத்துக் கால்களைவிட நாலு விரல்கடை குட்டை. ரம்பம் போட்டு அறுத்த இடம் பழசாகிக் கறுத்திருந்தது.

சந்தேகத்தோடு, சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்தான். குமிழ் நட்டநடுவில் போய் நின்றது. கோணல் அறையில் நேரான கட்டிலும் கோணலாகத்தான் தெரிந்திருக்கிறது.

திரும்பினால், கதவருகில் ஆமோஸ். உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“கல்யாணமான புதுசுலேயே அறுத்துட்டேன். சாய்வுல தூக்கமே பிடிக்கல.”

“அப்போ சண்டை போட்டப்பல்லாம் அக்கா பக்கத்துக்கு…”

“நானேதான் போனேன். ஒவ்வொரு தடவையும்.”

சைலஸ் கட்டிலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். “ஆனா அண்ணே, வீட்டை நேராக்கினா கட்டில் உங்க பக்கம் சாஞ்சுடுமே!”

“பின்னே மூணு வருஷமா எதுக்கு நேராக்கு, நேராக்குன்னு உயிரை விடறேன்?” ஆமோஸ் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். “சமையலறைக் கதவு சரியா மூடறதில்ல, எல்லாம் காதுல விழுந்துது. கட்டை கிட்டைன்னு எதையும் வச்சுத் தொலைக்காதே சைலஸ். இத்தனை வருஷம் நான் போனேன்ல? இனிமே அவ உருண்டு வரட்டும்!”